ஃபார்முலா 1 ரசிகர் கருத்துக்கணிப்பு: நன்றாகக் கேட்கிறார்கள், பதில்தான் சொல்வதில்லை

ஃபார்முலா 1 கார் பந்தயத்தை, அதாவது எஃப்1-ஐத் தொடர்ந்து பார்ப்பவர்களில் பலருக்கு 'ஃபேன் வாய்ஸ்' என்ற பெயர் தெரிந்திருக்கும். லிபர்ட்டி மீடியா என்ற அமெரிக்க நிறுவனம் இந்த விளையாட்டை வாங்கிய பிறகு, ரசிகர்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்க எஃப்1 நிறுவனமே தொடங்கிய சேவை அது. காசு கிடையாது. மின்னஞ்சல் முகவரி கொடுத்துச் சேர்ந்துவிட்டால் அவ்வப்போது கேள்விகள் வரும். ரேஸ் எப்படி இருந்தது, இந்த மாற்றம் பிடிக்கிறதா, அந்த மாற்றம் வந்தால் பார்ப்பீர்களா, இப்படி. அது போக, சில வருடங்களுக்கு ஒருமுறை மோட்டார்ஸ்போர்ட் நெட்வொர்க் என்ற ஊடக நிறுவனத்துடன் சேர்ந்து உலகம் முழுக்க ஒரு பெரிய கருத்துக்கணிப்பும் நடத்துகிறார்கள். இரண்டிலும் நான் பதில் சொல்லியிருக்கிறேன். ஹோட்டலுக்கும் ஹெட்போனுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், நம் நேரத்தையும் அபிப்பிராயத்தையும் வாங்கிக்கொள்கிற இந்தச் சேவைக்கு யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். படிவம் சுலபமாக இருக்கிறது, போனிலேயே முடித்துவிடலாம், நடுவில் தொங்குவதில்லை. முடிவுகளைப் பூட்டிவைக்காமல் வெளியிடவும் செய்கிறார்கள். 2021 கணிப்பில் 187 நாடுகளிலிருந்து 1,67,302 பேர் பதில் சொன்னார்கள் என்றும், சராசரி வயது 32 என்றும், அது 2017-ஐவிட நான்கு வயது குறைவு என்றும் நமக்குத் தெரிவதற்குக் காரணம் அந்த வெளியீடுதான். இதற்கு முன் இந்த விளையாட்டை நடத்திய பெர்னி எக்கிள்ஸ்டன் காலத்தில் எஃப்1 நம்மிடம் எதையும் கேட்டதில்லை. இளைஞர்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை, ரோலெக்ஸ் வாங்கக்கூடிய 70 வயதுக்காரர் போதும் என்கிற தொனியில் 2014-இல் அவர் பேட்டி கொடுத்தது பலருக்கும் நினைவிருக்கும். அங்கிருந்து பார்த்தால் இது பெரிய தூரம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கேட்ட பிறகு என்ன நடக்கிறது?

2015-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் ரசிகர்களிடம் கேட்டது எஃப்1 நிர்வாகம் இல்லை, ஓட்டுநர்களின் சங்கமான ஜிபிடிஏ. அலெக்ஸ் வூர்ஸ் அதன் தலைவர். மெர்சிடிஸ் ஆதிக்கம் உச்சத்தில் இருந்த காலம், பார்வையாளர் எண்ணிக்கை சரிகிறது என்று எல்லோரும் புலம்பிக்கொண்டிருந்த காலம். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் எழுதினார்கள். ஏறக்குறைய பத்தில் எட்டுப் பேர் டயர் கம்பெனிகளுக்கிடையே மறுபடி போட்டி வேண்டும் என்றார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் ரேஸின் நடுவில் பெட்ரோல் நிரப்பும் பழைய முறை வேண்டும் என்றார்கள். பத்து வருடம் ஓடிவிட்டது. டயர் இன்றும் பிரெல்லி ஒன்றுதான், 2011-இலிருந்து. பெட்ரோல் நிரப்புவது 2010-இல் நின்றது, நின்றதுதான்.

இதில் நான் ரசிகர்கள் பக்கம் முழுதாக நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் நிரப்பும் முறை திரும்ப வரக்கூடாது என்பதுதான் என் கட்சி. 1994 முதல் 2009 வரை அது இருந்தது. அந்த வருட ரேஸ்களை இப்போது முழுசாக உட்கார்ந்து பாருங்கள், ஒருவரை ஒருவர் முந்துவது பெரும்பாலும் கார்கள் டயர் மாற்ற, பெட்ரோல் நிரப்ப ஒதுங்கும் பிட் லேனில்தான் நடக்கும். முன்னால் போகிறவரை ட்ராக்கில் முந்த வேண்டிய அவசியமே இல்லை, அவரைவிட இரண்டு சுற்று தள்ளி நிரப்பிக்கொண்டால் போதும். ஆபத்து வேறு. 1994 ஹாக்கன்ஹைமில் யோஸ் வெர்ஸ்டாப்பனின் (இன்றைய மாக்ஸ் வெர்ஸ்டாப்பனின் அப்பா) பெனட்டன் கார் பிட்டில் தீப்பிடித்து எரிந்த படத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2008 சிங்கப்பூரில், முன்னிலையில் இருந்த ஃபெராரி ஓட்டுநர் மாஸா எரிபொருள் குழாயோடு காரைக் கிளப்பிக்கொண்டு பிட் லேன் கடைசிவரை போய் நின்றார், ஃபெராரி ஆட்கள் பின்னாலேயே ஓடிப்போய் அதைப் பிடுங்கினார்கள். அந்த வருடப் பட்டம் ஒரே ஒரு புள்ளியில் போனது.

அப்படியானால் ரசிகர்கள் சொன்னது தப்பா? இல்லை. வயிறு வலிக்கிறது என்று சொல்வது நோயாளி, எந்த மாத்திரை என்பது டாக்டரின் பொறுப்பு. 'பெட்ரோல் நிரப்புங்கள்' என்று எழுதியவர்கள் உண்மையில் சொன்னது, டயரைக் காப்பாற்றிக்கொண்டு பாதி வேகத்தில் ஊர்ந்து போவதைப் பார்க்கச் சலித்துவிட்டது, முழு வேகத்தில் ஓட்டுவதைக் காட்டுங்கள் என்பதுதான். சரி, அதை யாராவது நமக்குத் திரும்பச் சொன்னார்களா? "நீங்கள் கேட்டதைத் தர முடியாது, காரணம் இது, ஆனால் உங்கள் குறை புரிகிறது, அதற்கு இதைச் செய்யப்போகிறோம்" என்று அரைப் பக்கம் எழுதிப் போட்டிருந்தால்கூட இரண்டு லட்சம் பேருக்கு மரியாதை செய்ததாக இருந்திருக்கும். டயர் போட்டிக்கும் அப்படித்தான். செலவு எகிறும், எந்தக் கம்பெனியின் டயர் நன்றாக இருக்கிறதோ அந்தக் கம்பெனியின் அணிகள்தான் ஜெயிக்கும் என்று நியாயமான காரணங்கள் இருக்கின்றன. சொன்னால் கேட்டுக்கொள்ள ரசிகர்கள் தயார்தான்.

மாத்திரை சரியாகக் கொடுத்த ஒரு சமயமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் விமர்சனம் நேர்மையாக இருக்காது. பல வருடங்களாக நாம் எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினோம்: பின்னால் வரும் கார் நெருங்கவே முடியவில்லை. எஃப்1-இன் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்த ராஸ் பிரான் தலைமையில் ஒரு குழு இதை உட்கார்ந்து ஆராய்ந்தது. முன்னால் போகும் கார் கலைத்துவிடும் காற்றில் சிக்கினால், 20 மீட்டர் பின்னால் இருக்கும் கார் தன்னைத் தரையோடு அழுத்தும் விசையில் 35 சதவீதத்தை இழக்கிறது, 10 மீட்டருக்கு வந்தால் 46 சதவீதத்தை இழக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். அதிலிருந்துதான் 2022-இன் புதிய கார் பிறந்தது. அடித்தளத்துக்குக் கீழே காற்றை ஓடவிட்டு அழுத்தத்தை உண்டாக்குகிற அமைப்பு, இழப்பை 4 சதவீதத்துக்கும் 18 சதவீதத்துக்கும் குறைப்பது இலக்கு. 2022 முதல் பாதியில் லெக்லெர்க்கும் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனும் பஹ்ரைனிலும் ஜெட்டாவிலும் மாறி மாறி முந்தியதைப் பார்த்தபோது, யாரோ நாம் சொன்னதைக் காதில் வாங்கியிருக்கிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அடுத்தடுத்த வருடங்களில் அணிகள் காற்றை வெளியே தள்ளும் வழிகளைக் கண்டுபிடித்து மறுபடி கஷ்டமாக்கிவிட்டன, அது வேறு கதை. குறையைக் கேட்டார்கள், காரணத்தைத் தேடினார்கள், எண்களை வெளியே வைத்தார்கள். இந்தச் சேவையிலிருந்து எனக்கு வேண்டியது முழுக்க அதுதான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். படிவத்தைவிடக் கூச்சல்தான் வேகமாக வேலை செய்திருக்கிறது. 2014-இல் கடைசி ரேஸான அபுதாபிக்கு மட்டும் இரட்டைப் புள்ளி என்றார்கள், யாருமே ஏற்கவில்லை, ஒரே வருடத்தில் தூக்கினார்கள். 2016 தொடக்கத்தில், ரேஸில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கும் தகுதிச்சுற்றை மாற்றினார்கள், 90 வினாடிக்கு ஒருவர் வெளியேற வேண்டும் என்று. மெல்போர்னில் அது நடந்த விதம் இருக்கிறதே! கடைசிக் கட்டத்தில் நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது, ட்ராக்கில் ஒரு கார் கிடையாது. முதல் இடம் யாருக்கு என்று தீர்மானமாக வேண்டிய அந்த நிமிடங்களில் காலியான தார்ச்சாலையை கேமரா காட்டிக்கொண்டிருந்தது. ஓட்டுநர்களும் ரசிகர்களும் ஒரே குரலில் திட்டினார்கள், இரண்டே ரேஸில் பழைய முறை திரும்பிவிட்டது. சத்தம் போட்டால் ஒரு மாதத்தில் மாற்றத் தெரிந்தவர்கள், அமைதியாகப் படிவம் நிரப்பியவர்களுக்குப் பத்து வருடத்தில் ஒரு வரி எழுதவில்லை. பிறகு எல்லோரும் சத்தமாகவே பேசப் பழகிக்கொள்வார்கள், நடந்துகொண்டிருப்பதும் அதுதான்.

ரசிகர்களின் பங்கேற்பு என்ற பெயரில் செய்யக்கூடாதது என்ன என்பதற்கு மின்சாரக் கார் பந்தயமான ஃபார்முலா இ-யின் ஃபேன்பூஸ்டைக் காட்டலாம். ரசிகர்கள் ஓட்டுப் போட வேண்டும், அதிக ஓட்டு வாங்கியவர்களுக்கு ரேஸின்போது கூடுதல் மின்சக்தி கிடைக்கும். 2014-இல் தொடர் ஆரம்பித்ததிலிருந்து இருந்தது, 2023-இல் புதிய தலைமுறைக் கார் வந்தபோது கைவிட்டார்கள். நல்ல வேளை. ரசிகனுக்கு ரேஸின் முடிவில் கை வைக்க ஆசை கிடையாது. பெரிய ரசிகர் கூட்டம் உள்ளவருக்குப் பத்து குதிரைசக்தி கூடுதலாகக் கிடைத்து அவர் ஜெயித்தால் அந்த வெற்றி அவருக்கே இனிக்காது. நான் கேட்பது விதிகள் எழுதப்படும் அறையில் ஒரு நாற்காலி, ரேஸ் ஓடும்போது ஒரு பொத்தான் இல்லை.

இப்போது எதிர்காலத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கொதிக்கிறது. 2025-இல் எஃப்1 தலைமை நிர்வாகி ஸ்டெபனோ டொமெனிகாலி, இளம் பார்வையாளர்களுக்கு முழு ரேஸ் கொஞ்சம் நீளமாக இருக்கிறது என்ற பொருளில் பேசினார், சில வார இறுதிகளில் முழு ரேஸுக்கு முன் நடக்கும் குட்டி ரேஸான ஸ்பிரிண்டுக்கு வரவேற்பு கூடுகிறது என்றார், ஸ்பிரிண்டில் புறப்படும் வரிசையைத் தலைகீழாக வைப்பது பற்றியும் பேச்சு எடுத்தார். ஸ்பிரிண்ட் 2021-இல் சில்வர்ஸ்டோனில் தொடங்கியது, 100 கிலோமீட்டர், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். முதல் இரண்டு வருடம் மூன்று வார இறுதிகளில், 2023 முதல் ஆறில். வெள்ளிக்கிழமை வெறும் பயிற்சியாகப் போவதைவிட அது மேல் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 2024-இல் ஸ்பிரிண்ட் முடிந்த பிறகு காரின் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம் என்று விதியைத் திருத்தினார்கள், அது புத்திசாலித்தனமான திருத்தம். ஆனால் 'ஸ்பிரிண்ட் பிடிக்கிறதா' என்ற கேள்விக்குக் கிடைத்த 'ஆமாம்' என்ற பதிலை எடுத்துக்கொண்டு, முழு ரேஸின் நீளத்தில் கை வைக்க எப்படி முடியும்? இரண்டும் வேறு கேள்விகள். அரைமணி நேரம் பிடித்திருந்தது என்று சொன்னவன் ஒன்றரை மணி நேரம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2011 கனடா ரேஸை அன்று முழித்திருந்து பார்த்தவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் என்ன சொல்ல வருகிறேன் என்று தெரியும். நம் நேரப்படி ஞாயிறு இரவு பத்தரைக்குத் தொடங்கியது. மழை. நடுவில் சிவப்புக் கொடி காட்டி ரேஸை நிறுத்தினார்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதுவும் நடக்கவில்லை, பிளாஸ்டிக் உறைக்குள் கார்கள் நிற்பதையும் ஆட்கள் குடை பிடித்துக்கொண்டு நிற்பதையும் மாறி மாறிக் காட்டினார்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஜென்சன் பட்டன் தன் அணியின் ஹாமில்டனோடு மோதி, அபராதம் வாங்கி, அலோன்சோவோடு மோதி, டயர் கிழிந்து, கடைசி இடத்துக்குப் போய்விட்டார். அங்கிருந்து ஒவ்வொருவராக முந்திக்கொண்டு மேலே வந்தார். கடைசிச் சுற்றில் முன்னால் வெட்டல், அழுத்தம் தாங்காமல் ஈரத்தில் காலை வைத்த மாதிரி பின்சக்கரம் நழுவியது, பட்டன் கடந்துவிட்டார். மணி இரண்டரை. நான்கு மணி நேரம் நான்கு நிமிடம், எஃப்1 வரலாற்றில் மிக நீண்ட ரேஸ். அந்தக் கடைசிச் சுற்றை மட்டும் வெட்டி இன்று போனில் காட்டினால் பத்து வினாடி வீடியோ, ஒரு கார் வழுக்குகிறது, இன்னொன்று போகிறது, அவ்வளவுதான். அந்தப் பத்து வினாடிக்கு மதிப்பு வந்தது அதற்கு முன் ஓடிய நான்கு மணி நேரத்தால். படிவத்தில் இதைக் கேட்கக் கட்டம் இல்லை. 'எது பிடிக்கும்' என்று கேட்கிறார்கள், 'எது உங்களை இத்தனை வருடம் இங்கே உட்காரவைத்தது' என்று கேட்பதில்லை.

கேட்கும் நேரத்திலும் கோளாறு இருக்கிறது. 2021 கணிப்பின் முடிவுகள் அக்டோபரில் வந்தன. டிசம்பர் 12-ஆம் தேதி அபுதாபி. விபத்து நடந்தால் எல்லாக் கார்களையும் மெதுவாக அழைத்துப் போகும் சேஃப்டி கார் கடைசியாக வந்துபோன பிறகு, ஒரு சுற்று பின்தங்கியிருந்த கார்களில் ஹாமில்டனுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் நடுவில் இருந்தவற்றை மட்டும் விலகச் சொல்லி ஒரே ஒரு சுற்று ரேஸ் வைத்தார்கள், உலகப் பட்டம் அந்தச் சுற்றில் ஹாமில்டனிடமிருந்து வெர்ஸ்டாப்பனுக்குக் கைமாறியது. ரேஸ் டைரக்டர் மாற்றப்பட்டார், மனிதத் தவறு என்று இந்த விளையாட்டின் விதிகளைக் கவனிக்கும் உலக அமைப்பான எஃப்ஐஏ அறிக்கை எழுதியது. நான் வெர்ஸ்டாப்பன் ஆளும் இல்லை ஹாமில்டன் ஆளும் இல்லை, இருந்தாலும் அன்றைக்கு நடுவர்கள்மேல் இருந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது, என்னோடு பார்க்கிற நண்பர்கள் சிலர் அதோடு விட்டார்கள். அந்த வாரமே ரசிகர்களிடம் கேட்டிருக்க வேண்டும். அதே மாதிரியான அடுத்த பெரிய கணிப்பின் முடிவு 2025-இல்தான் வந்தது.

அந்த 2025 கணிப்பில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். புதிதாக வந்த ரசிகர்களில் நான்கில் மூவர் பெண்கள் என்றது அறிக்கை. ரொம்ப நல்ல செய்தி. எங்கள் வட்டத்திலேயே தெரிகிறது, டயர் உத்தியைப் பற்றி என்னோடு அதிகம் சண்டை போடுவது என் அக்கா மகள்தான். ஆனால் இந்த மாதிரிக் கணிப்பில் பதில் சொல்ல வருபவர் யார் என்று யோசிக்க வேண்டும். ஏற்கெனவே பைத்தியமாகப் பார்க்கிறவர்தான் அரை மணி நேரம் செலவழித்து நிரப்புவார். விட்டுப்போனவரிடம் யாரும் கேட்பதில்லை. இந்தியாவில் அப்படி விட்டுப்போன கூட்டம் ஒன்று இருக்கிறது. 2011, 2012, 2013, மூன்றே வருடம் கிரேட்டர் நொய்டாவில் ரேஸ் நடந்தது, மூன்றையும் ஜெயித்தவர் வெட்டல். 2013-இல் நான்காவது பட்டத்தை உறுதிசெய்துவிட்டு மெயின் ஸ்ட்ரெய்ட்டில் காரைச் சுழற்றிப் புகை கிளப்பி, இறங்கி, காரின் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டார். அதற்கு அவரைக் கண்டித்து, அவருடைய ரெட் புல் அணிக்கு 25,000 யூரோ அபராதம் போட்டார்கள். அதோடு சரி, வரிச் சிக்கல், பணச் சிக்கல், ரேஸ் திரும்பவே இல்லை. 2017-இல் உச்ச நீதிமன்றம் எஃப்1 நிறுவனம் இந்தியாவில் வரி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, அதற்குள் எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த ட்ராக்கில் 2023-இல் மோட்டோஜிபி பைக் பந்தயம் வந்தது, அதுவும் ஒரு தடவையோடு நின்றது. தமிழ்நாட்டிலிருந்து ரயில் பிடித்து நொய்டா போனவர்கள் எத்தனை பேர், வி8 இன்ஜின் சத்தம் நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்ததை இன்றும் சொல்கிறவர்கள் எத்தனை பேர். அவர்கள் ஏன் விட்டார்கள், எது இருந்தால் திரும்புவார்கள் என்று கேட்டால் அதில் வரும் பதில் ஒரு லட்சம் தீவிர ரசிகர்களின் பதிலைவிட உபயோகமாக இருக்கும்.

சத்தம் என்றதும் ஒன்று. 2014-இல் மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வி6 இன்ஜின் வந்ததிலிருந்து ரசிகர்கள் விடாமல் சொல்லிவந்த புகார் அதுதான். 2016-இல் புகைக்குழாய் விதியை மாற்றிக் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினார்கள். 2025-இல் எஃப்ஐஏ தலைவர் முகமது பின் சுலாயம் முதலில் வி10, பிறகு வி8 திரும்ப வரலாம் என்று பேச ஆரம்பித்தார். 2026 விதிகளோ வேறு திசையில் போகின்றன: மின்மோட்டாரின் சக்தி 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறுகிறது, இறக்கைகள் ஓட்டத்திலேயே அசையும், முந்துவதற்காகப் பின் இறக்கையைத் திறக்கும் டிஆர்எஸ் போய்விட்டது, எரிபொருள் முழுக்கப் புதுப்பிக்கத்தக்கது. ஆடி கம்பெனி உள்ளே வருவதற்கு இப்படிப்பட்ட இன்ஜின் விதிகள் வேண்டியிருந்தன என்பது புரிகிறது. கம்பெனிக்கு ஒன்று வேண்டும், ரசிகனுக்கு ஒன்று வேண்டும், இரண்டும் ஒன்றில்லை. அதை வெளிப்படையாகச் சொல்லி, 'இந்த இரண்டில் எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பீர்கள்' என்று கேட்டால் நான் உட்கார்ந்து யோசித்துப் பதில் எழுதுவேன்.

பணத்தைப் பற்றிய கேள்விகள் கூர்மையாக வந்து நான் பார்த்ததில்லை. 2023 லாஸ் வேகஸில் முதல் பயிற்சி எட்டே நிமிடத்தில் நின்றது, சாலையில் இருந்த இரும்பு மூடி பெயர்ந்து சைன்ஸின் ஃபெராரி அடிப்பாகத்தைக் கிழித்தது. இரண்டாவது பயிற்சி அதிகாலை இரண்டரைக்குத் தொடங்கியது, அதற்கு முன்பே பார்வையாளர்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். வியாழக்கிழமைக்கு மட்டும் டிக்கெட் எடுத்தவர்களுக்குக் கடையில் பொருள் வாங்க 200 டாலர் கூப்பன் கொடுத்தார்கள், மூன்று நாள் டிக்கெட் எடுத்தவர்களுக்கு அதுவும் இல்லை. 2021-இல் பெல்ஜியத்தின் ஸ்பா ட்ராக்கில் நாள் முழுக்க மழையில் நின்ற கூட்டம் சேஃப்டி காருக்குப் பின்னால் ஓடிய சில சுற்றுகளைத்தான் பார்த்தது. அணிகளுக்குப் பாதிப் புள்ளி கிடைத்தது, புள்ளி விதியும் அடுத்த வருடம் மாறியது. நனைந்தவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு விதி எழுதுவது அவ்வளவு கஷ்டமா? அந்த ஸ்பாவே இனி ஒவ்வொரு வருடமும் கிடையாது, 2028-இலும் 2030-இலும் இல்லை என்று ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. காலண்டர் 24 ரேஸில் முட்டி நிற்கிறது, எது போக வேண்டும் எது வர வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யார் அதிகக் கட்டணம் தருகிறார் என்பது. ஸ்பாவின் ஓ ரூஜ் மேட்டில் கார் ஏறுவதற்கு ரசிகன் என்ன விலை வைத்திருக்கிறான் என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பந்தயம் நடத்துபவர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. சோழவரம் ஓடுதளத்தில் பந்தயம் பார்த்த தலைமுறை இங்கே இருக்கிறது, 1990-இலிருந்து இருங்காட்டுக்கோட்டை ட்ராக் இருக்கிறது, கோவையில் கரி ஸ்பீட்வே இருக்கிறது, நரேன் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் இந்த மண்ணிலிருந்துதான் எஃப்1-க்குப் போனார்கள். இருந்தும் நான் டிக்கெட் எடுத்துப் போன ஒரு பந்தயத்தில், எந்த கேட் வழியாக உள்ளே போக வேண்டும் என்று வாசலில் நின்றவருக்கே தெரியவில்லை. அடுத்த ஓட்டம் எத்தனை மணிக்கு என்று ஒலிபெருக்கியில் சொன்னது பாதி காற்றில் போனது, வெயிலில் தண்ணீர் வாங்க நீண்ட வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. இதெல்லாம் சரிசெய்யக்கூடிய விஷயங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு குறுஞ்செய்தி, ஒரு கேள்வி, எதுவும் வரவில்லை. டிக்கெட் எடுக்கும்போது போன் நம்பர் வாங்கினார்கள் அல்லவா, அதே நம்பருக்கு மறுநாள் நாலு கேள்வியைத் தமிழில் அனுப்பினால் போதும். பெரிய கம்பெனி, பெரிய ஆய்வு எதுவும் வேண்டாம்.

மதிப்பெண் கேட்டால் எஃப்1-இன் இந்தச் சேவைக்கு ஐந்துக்கு மூன்று கொடுப்பேன். கேட்கும் முறைக்கு நாலு, கேள்விகளின் ஆழத்துக்கு மூன்று, திரும்பப் பதில் சொல்வதற்கு ஒன்றரை. இருந்தாலும் சேருங்கள் என்றுதான் சொல்வேன். நம் பக்கத்திலிருந்து பதில் குறைவாகப் போனால், சில்வர்ஸ்டோனுக்கும் மயாமிக்கும் போகிறவர்களின் விருப்பம்தான் எல்லோருடைய விருப்பமாக அறிக்கையில் வரும். நட்சத்திரம் போடும் கேள்விகளை வேகமாக முடித்துவிட்டு, சொந்தமாக எழுத இடம் இருந்தால் அங்கே நேரம் செலவழியுங்கள். 'ரேஸ் போரடித்தது' என்று மட்டும் எழுதாதீர்கள், எந்தச் சுற்றில் எழுந்து போனீர்கள், ஏன் போனீர்கள் என்று எழுதுங்கள். நான் போன முறை எழுதியது மூன்று விஷயம்: ரேஸ் நீளத்தைத் தொடாதீர்கள், மழையில் ரத்தானால் டிக்கெட் பணத்தில் ஒரு பங்கையாவது திருப்பித் தரும் விதியை ஒவ்வொரு ரேஸ் ஒப்பந்தத்திலும் சேருங்கள், அப்புறம் போன கணிப்பில் கேட்டவற்றில் எதைச் செய்தீர்கள் எதைச் செய்யவில்லை என்ற பட்டியலை அடுத்த படிவத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள்.